டோக்கன் நம்பர் 50

நடுவயது டாக்டர்களும் அவர்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களும் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவரும் அதே வயதுக்காரர், அதே தொழில்.

கே: வயது 49. இரவு பத்தரை வரை கிளினிக். பேங்கில் பணம் இருக்கிறது, மனசில் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு ஏலகிரியில் போய் உட்கார்ந்துவிடலாமா?
– பொது மருத்துவர், ஆம்பூர்

தாராளமாக. மூன்றாம் நாள் தோட்டக்காரருக்கு பி.பி. பார்ப்பீர்கள். நான்காம் நாள் அவர் மச்சானைக் கூட்டி வருவார். ஒரே மாதத்தில் ஏலகிரியிலும் டோக்கன்! ராத்திரி வருகிறவர்கள் பகல் முழுக்க ஷூ கம்பெனியில் இருந்தவர்கள், அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்பீர்கள். நியாயம். கம்பெனி பஸ் வந்து இறங்கும் நேரத்தில் டாக்டர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் காலை பதினொரு மணிக்கு, ஊரே வேலைக்குப் போன பிறகு, மருந்துக் கம்பெனி ரெப்புகளுக்காக எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள்?

கே: கணவர் டாக்டர். அவரிடம் பேச நானும் டோக்கன் போடணுமா?
– இல்லத்தரசி, வாணியம்பாடி

வேண்டாம்மா. ஃபீஸ் தராத பேஷன்ட்டை எங்கள் ஆட்கள் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். அவருடைய மருந்துச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்: 'ஞாயிறு, ஒரு வேளை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்.' பாதியில் நிறுத்தக் கூடாது என்று அடிக்கோடும் போடுங்கள்.

கே: எவ்வளவு சேர்த்தால் போதும்?
– குழந்தைகள் நல மருத்துவர், குடியாத்தம்

'பக்கத்துத் தெரு டாக்டரைவிட ஒரு லட்சம் கூட' என்பதுதான் நம் கணக்கு. அதை விடுங்கள். சொந்த பிராக்டிஸ்காரனுக்கு பென்ஷன், பி.எஃப்., கிராஜுவிட்டி எதுவும் கிடையாது. கை நின்றால் வரவும் நின்றது. ஆகவே முதலில் டேர்ம் இன்ஷூரன்ஸ், குடும்பத்துக்கு மெடிக்ளைம். நம் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், தொழில் வழக்குகளுக்கென்று தனி இன்ஷூரன்ஸ். பிறகு பி.பி.எஃப்.: வருடத்துக்கு 1.5 லட்சம்தான் போடலாம், 15 வருடப் பூட்டு. ஐம்பதில் தொடங்கினால் 65-ல் சாவி கிடைக்கும். பைபாஸ் ஓரத்து மனையைக் காட்டி 'இதுதான் என் பென்ஷன்' என்கிறவர்களுக்கு ஒன்று: மனையை மாதம் ஒரு அடி வீதம் விற்று மளிகை வாங்க முடியாது. ஒரு வருட வீட்டுச் செலவைத் தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் பயந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பிள்ளையின் மெடிக்கல் சீட்டுக்கு மட்டும் தனித் தாள்.

கே: மகனுக்கு மருத்துவத்தில் விருப்பமில்லை. நான் கட்டிய ஆஸ்பத்திரி என்னாவது?
– மேல்விஷாரம் வாசகர்

கட்டடத்துக்கு வாரிசு கிடைக்கும், கைராசிக்குக் கிடைக்காது. அது கிடக்கட்டும், பையனுக்கு எதில் விருப்பம் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே?

கே: சேவை என்றால் உடனே ஐடா ஸ்கடர் என்கிறீர்கள். அவருக்கென்ன, பிள்ளையா குட்டியா?
– ராணிப்பேட்டை வாசகர்

1870-ல் உங்கள் ஊரில் பிறந்த அம்மா, கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்! அவருக்குக் குடும்பப் பாரம் இல்லைதான். ஆனால் காசைத் தொடாத சாமியார் என்று நினைத்தால் தப்பு. டாக்டராகி 1900-ல் வேலூர் திரும்பும்போதே, நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடு வந்தவர். 1902-ல் எழுந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை அந்தப் பணம்தான். பிறகு, அவர் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளிக்கு (இன்றைய சி.எம்.சி.) டிப்ளமா போதாது, பட்டப் படிப்பாக்கு என்று சென்னை அரசு கெடு வைத்தபோது அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. நாமெல்லாம் பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடும் வயதில், 1941-ல் அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி கேட்டார். பணத்தைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சமே இல்லை. ஏனென்றால் எதற்கு என்று தெரிந்திருந்தது.

கே: வயது 56. ஆபரேஷனில் கை பழையபடி இல்லை. விட்டுவிட்டால் நான் யார்?
– அறுவை மருத்துவர், பேரணாம்பட்டு

சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அந்தத் துறையையே இங்கே வளர்த்தார். கத்தியை இளையவரிடம் கொடுங்கள். 'இதற்குக் கத்தி வேண்டாம்' என்று சொல்லும் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அந்த இடம் எல்லா ஊரிலும் காலியாகத்தான் இருக்கிறது, ஃபீஸ் குறைவு பாருங்கள்.

கே: டாக்டருக்கு வயதாவதன் முதல் அறிகுறி?
– ஆற்காடு வாசகர்

மாத்திரை அட்டையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு 'இப்பல்லாம் எழுத்தைச் சின்னதா அடிக்கிறான்' என்பது. அடுத்தது, தன் சர்க்கரையைத் தானே பார்த்துத் தானே மன்னித்துக்கொள்வது. எச்பிஏ1சி 6.5 என்றால் பேஷன்ட்டுக்கு நீரிழிவு, நமக்கு மட்டும் 'நேற்று கல்யாண பிரியாணி'! அது மூன்று மாதக் கணக்கு, ஒரு பிளேட் ஆம்பூர் பிரியாணிக்கெல்லாம் அசையாது.

கே: வாழ்க்கைக்கு அர்த்தம் வேண்டும் போலிருக்கிறது. வாரம் ஒரு இலவச முகாம் நடத்தலாமா?
– தோல் நோய் மருத்துவர், வேலூர்

நடத்துங்கள், பேனரில் உங்கள் படத்தைச் சின்னதாகப் போடுங்கள். ஆனால் உங்கள் மேசைக்கு எதிரிலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்பில் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடுகிறவர் கையை நீட்டுகிறார். விரல் இடுக்கெல்லாம் தடித்து, வெடித்து, அரிப்பு. களிம்பு எழுதுகிறோம். பத்து நாளில் அதே கை. குரோமியப் புண்ணும், ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சியும் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பவை. பார்க்கிற டாக்டர், தனியார் டாக்டரும்தான், அரசின் தொழிலகத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய் என்றால் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் 91 நாள் வரை. தொழிலால் வந்த நோய் என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம். வித்தியாசம் நம் பேனாவில் இருக்கிறது.

கே: தோல் ஷாப் கழிவு கலக்கும் பாலாற்றுக்கு 1996-ல் ஒரு தீர்ப்பு, 2025-ல் இன்னொரு தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் சொல்லியே நடக்காதது, நாம் எழுதியா நடக்கும்? பேஷன்ட்டே 'எழுதாதீங்க சார், வேலை போயிடும்' என்கிறார்.
– அதே வேலூர் மருத்துவர்

அவர் பயம் நிஜம், அதற்கு நறுக்கென்று பதில் கிடையாது. ஒரு டாக்டர் ஒரு பெயரை எழுதினால் அந்த ஆள் தனியாக மாட்டுவார். ஊரில் எல்லா டாக்டரும் எழுத ஆரம்பித்தால் யாரை நிறுத்துவார்கள்? இந்திய மருத்துவச் சங்கத்தின் (ஐ.எம்.ஏ.) கிளைக் கூட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடம் கேளுங்கள். டின்னருக்கு முன்னால் கேளுங்கள், பின்னால் என்றால் மைக் செட்காரர் மட்டும்தான் இருப்பார்.