தூக்குவாளியியல்: கட்டுச்சோறு குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

"நீங்க என்ன கொண்டாறீங்க?" என்று கேட்டால் எங்கள் தெருவில் வரும் பதில் ஒன்றுதான்: "ஒண்ணுமில்ல, லேசா ஒரு லெமன் சாதம்." இந்த ஒரு வரியில் மூன்று பொய்கள் இருக்கின்றன. ஒண்ணுமில்லை என்பது பொய். ஒரு படி அரிசி வடித்திருக்கிறார்கள். லேசா என்பது பொய். விடியற்காலை நாலு மணிக்கே அடுப்படியில் விளக்கு எரிந்தது. லெமன் சாதம் என்பதும் பல சமயம் பொய். எதிர்வீட்டிலும் லெமன்தான் என்ற செய்தி இரவோடு இரவாகக் காதுக்கு எட்டி, விடிவதற்குள் அது புளிசாதமாகியிருக்கும். இம்மூன்று பொய்களின் மூலம் தேடிப் புறப்பட்டதே இவ்வாய்வு.

ஆய்வாளரின் ஊர் அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம். களம், ஆடி பதினெட்டு அன்று திருமானூரில் கொள்ளிடக் கரை. ஆய்வாளரின் தகுதி, வேனில் கடைசி சீட்டில் எல்லாத் தூக்குகளையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்தது. நெறியாளர், மனைவி.

முதலில் முன்னோர் சான்று. பொதிசோறு என்ற வகையில் மிகப் பெரியது, திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து வந்த அப்பருக்கு வழியில் சிவபெருமானே கொண்டுவந்து கொடுத்தது. சேக்கிழார் பசியைச் சொல்கிறார், களைப்பைச் சொல்கிறார், சோலையையும் குளத்தையும் சொல்கிறார். பொதியை அவிழ்த்தால் உள்ளே இருந்தது என்ன சாதம் என்பதை மட்டும் சொல்லாமல் போகிறார். இவ்வளவு பெரிய காப்பியத்தில் இப்படி ஓர் இடைவெளியை விட்டுவைத்தது எங்களைப் போன்ற ஆய்வாளர்கள் பிழைக்கட்டும் என்றுதான் போலும். வெயிலில் காத்திருந்தும் கெடாத சோறு என்பதால் அது புளிசாதமே என்று இவ்வாய்வு துணிகிறது. "சாமி சமைச்சா கெடுமா?" என்று நெறியாளர் கேட்டார். அக்கேள்வி பிற்சேர்க்கைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வீட்டுக்கொரு தூக்கோடு கூடி உண்ணும் இவ்வழக்கத்திற்கு ஆங்கிலத்தில் பாட்லக் என்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமஸ் நாஷ் எழுதிய நாடகத்திலேயே அச்சொல் இருக்கிறது. அன்றைக்கு அதன் பொருள் வேறு: சொல்லாமல் வந்த விருந்தாளிக்கு அந்த வீட்டுப் பானையில் இருப்பதே அவன் பாக்கியம். ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து கூடித் தின்பது என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ரெட்டிபாளையத்தில் இந்த வழக்கம் ஆங்கிலத்துக்கும் முந்தியது, மனிதனுக்கே முந்தியது. இங்கே அல்ட்ராடெக் சிமெண்ட் ஆலை இருப்பதற்குக் காரணம் மண்ணுக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். பக்கத்துக் கல்லங்குறிச்சியின் பெயரையே அந்தப் பாறை அடுக்குக்கு நிலவியலார் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. சிப்பிகளும் பிற உயிர்களும் ஆளுக்கொரு ஓட்டைக் கொண்டுவந்து அடியில் போட்டுவிட்டுப் போயின. அந்தக் கூட்டாஞ்சோறு இறுகித்தான் இன்று லாரியில் போகிறது. எல்லாரும் ஓடுதான் கொண்டுவந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவராவது வேறு ஏதாவது யோசித்திருக்கக் கூடாதா? எல்லாரும் லெமன் சாதம் கொண்டுவரும் மரபின் தொடக்கம் அதுவே. சுண்ணாம்புப் பூமியின் காரத்தைச் சமன்செய்யவே இவ்வூரார் புளிப்பை நாடுகிறார்கள் என்றொரு துணைக் கருதுகோளும் என்னிடம் இருந்தது. நெறியாளர் அதை எழுத விடவில்லை.

விளையாட்டை விட்டுச் சொன்னால், புளிப்புக்கு நியாயம் இருக்கிறது. சூடும் ஈரமுமாக மூடிவைத்த சோறு கிருமிகளுக்குக் கல்யாண வீடு. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் அந்தக் கூட்டத்தை வாசலிலேயே தடுத்து நிறுத்துகின்றன. அதற்கும் பக்குவம் உண்டு. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஆறிய பிறகே கலக்க வேண்டும். சூட்டில் கிளறினால் களி. எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் கசப்பு. இறக்கிய பிறகே ஊற்ற வேண்டும். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து மிதக்கும் வரை கொதிக்க வேண்டும், வறுத்துப் பொடித்த வெந்தயம் கடைசியில். தயிர்சாதம் தனிக் கலை. குழைந்த சோற்றில் ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டு மூடிவிட வேண்டும். ஏழு மணிக்கு வேனில் ஏறும்போது அது பால்சோறு, பன்னிரண்டு மணிக்குக் கரையில் திறக்கும்போது தயிர்சோறு. வழியெல்லாம் தூக்குக்குள்ளேயே சமையல் நடக்கிறது. தேங்காய்சாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அதைக் கொண்டுவந்தவர் முதலில் பரிமாறிவிட வேண்டும்.

இப்போது முதன்மைச் சிக்கல். சின்ன வயதில் கொல்லையில் மூன்று செங்கல் வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கினோம். ஒருவன் ஒரு கை அரிசி, ஒருத்தி பருப்பு, இன்னொருவன் வீட்டுக்குத் தெரியாமல் வெல்லம். எல்லாம் ஒரே சட்டியில் விழுந்தது. தீய்ந்தால் எல்லாருடையதும் தீய்ந்தது. கொள்ளிடக் கரையில் அப்படியில்லை. தூக்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் வெட்டியிருக்கிறது. யாருடையது காலியாகிறது, யாருடையது அப்படியே இருக்கிறது என்பதை ஆற்றைப் பார்ப்பதுபோல் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சத்தோடு வீடு திரும்பும் தூக்கின் கனம் யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால்தான் தன் சாதத்தையே தான் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் அக்காவை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டு அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ரெண்டு கரண்டி வைங்கக்கா, புளிப்பு நல்லா ஏறியிருக்கு" என்று தட்டை நீட்டியதையும் பார்த்தேன். இவ்வாய்வில் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த தரவு அதுதான்.

ஆக, லெமன் சாதம் போன்ற "சுலபமான பண்டம்" என்பது செய்வதற்குச் சுலபமானதல்ல. குறை சொல்ல முடியாதது. லெமன் சாதத்தை யாரும் புகழ்வதில்லை, யாரும் திட்டுவதுமில்லை. மூன்று பொய்களும் அந்தப் பாதுகாப்புக்குத்தான்.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. பக்கத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் தலையை எண்ணும்போது ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். எங்கள் வேனிலும் அதுவே நடந்தது. குடிதண்ணீர் யாராவது எடுத்து வருவார்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவர்களை எண்ணினார்கள். ஆற்றங்கரையில் பதினோரு தூக்குச் சோற்றுக்கு நடுவே விக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொள்ளிடத்திற்கு வந்து தண்ணீர் பாட்டிலுக்குக் கடை தேடியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

உண்மையில் சுலபமான பண்டம் எது என்று கேட்டால், காய்ந்த வேர்க்கடலையைத் தோலோடு முதல்நாள் இரவே ஊறப்போட்டு, உப்புப் போட்டு வேகவைப்பது. ஒரு மஞ்சள் பையில் அள்ளி வந்துவிடலாம். கெடாது, சிந்தாது, தட்டு வேண்டாம், கதை பேச வசதி. ஆனால் அதைக் கொண்டுவர எந்த வீட்டுக்கும் மனம் வருவதில்லை, "கடலையா கொண்டாந்தாங்க?" என்று கேட்டுவிடுவார்களே. அன்று வேன் டிரைவர் தம்பி கொண்டுவந்த பைதான் முதலில் காலியானது. அவர் தட்டே எடுக்கவில்லை, போட்டியிலும் இல்லை.

தேர்வாளர்களுக்கும் தெருவாருக்கும் ஒரு வேண்டுகோள். அன்று கூட்டத்தில் எங்கள் தூக்கின் மூடி மாறிவிட்டது. இப்போது எங்களிடம் இருப்பது ஒரு சுற்றுப் பெரிது, உட்கார மறுக்கிறது. எங்களுடையதில் ச.மு. என்று வெட்டியிருக்கும், விளிம்பில் சின்ன நெளிவு. வைத்திருப்பவர்கள் அடுத்த ஆடிக்குள் கொடுத்துவிடவும். நெறியாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.