சிம்பிள்தான், சகலை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு என் சகலை, "இன்னிக்கு யாரும் அடுப்படிப் பக்கம் வரவேண்டாம், டிபன் என் பொறுப்பு" என்று அறிவித்தால், வீட்டில் உள்ள அத்தனை பேரும் உடனே அடுப்படிக்குப் போய் நிற்க வேண்டும் என்று அர்த்தம்.

சகலை வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் போட்ட கணக்குக்குக் கடைசியில் ஒரு கையெழுத்துப் போட்டே முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியவர். சமையலையும் அந்த முறைப்படிதான் நடத்துகிறார்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரசம் வைக்கச் சொன்னால் வைக்க மாட்டார்கள். கீரை ஆயச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பால் பொங்கி வருவதைக் கண்ணால் பார்த்தபடியே "பால் பொங்குது" என்று கூடத்துக்குக் குரல் கொடுப்பார்கள். கையை நீட்டி அடுப்பை அணைப்பது அவர்கள் இலாகா அல்ல. ஆனாலும் ஆளுக்கொரு அயிட்டம் கைவசம் இருக்கும். சிலருக்குப் பிரியாணி, சிலருக்கு பாஸ்தா. என் சகலைக்குக் காளான் டோஸ்ட். ரொட்டி, வெண்ணெய், காளான், பூண்டு, மிளகுத்தூள், உப்பு. ஆறே சாமான்.

"அஞ்சு நிமிஷம், சகலை. சிம்பிள்தான்."

சமையல் என்றாலே நளபாகம், பீமபாகம்தான், இரண்டு பேரும் ஆம்பளைகள் என்பது அவருடைய நிரந்தர வாதம். நளனும் பீமனும் அடுத்தவர் அரண்மனையில், வேறு பெயரில் ஒளிந்திருந்தபோதுதான் சமையல்காரர்களாக இருந்தார்கள் என்பதை நான் எடுத்துச் சொல்வதில்லை. டிபன் சாப்பிடப் போன இடத்தில் புராணத்தில் குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது.

முதலில் டப்பா திறப்பு விழா. இருநூறு கிராம் டப்பா இரண்டு. மேலே இழுத்து ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து, ஒரு காளானை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குடைக்கும் காம்புக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய சவ்வு பிரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். நகைக் கடன் பிரிவில் இருந்த கை. "பாருங்க, மூடியிருக்கு. ஃப்ரெஷ்." நாங்கள் வரிசையாகப் பார்த்து ஆமோதிக்க வேண்டும்.

அடுத்து சொற்பொழிவு. வெள்ளையாக விற்கிற மொட்டுக் காளான், பழுப்பாக விற்கிற கிரெமினி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த போர்ட்டபெல்லோ மூன்றும் ஒரே இனம்தான், நிறமும் வயசும்தான் வேறே, பெயரை மாற்றி விலையை ஏற்றிவிடுகிறார்கள் என்பார். அது உண்மை. அவர் சொல்வதெல்லாம் பெரும்பாலும் உண்மையாகவே இருந்து தொலைக்கும். அதனால்தான் எதிர்த்துப் பேச வழியில்லை.

எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள் எங்கள் மாமியார். மூத்த மகளோடு இருக்கிறார். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். "இடி இடிச்சு மழை பெஞ்ச மறுநா கரையான் புத்துப் பக்கம் போனா மடி நெறயப் பறிச்சுட்டு வருவோம். சின்ன வெங்காயம் போட்டு வதக்குனா கறி தோத்துப் போகும். இதென்னது, சோப்புக்கட்டி மாதிரி இருக்கு?" என்றார் ஒரு தடவை.

சகலையின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். சும்மா இருக்க மாட்டாள். "பாட்டி, உங்க ஊர் பேர்லயே ஒரு காளான் இருக்கு தெரியுமா? 1998-ல நம்ம வேளாண் பல்கலைக்கழகம் ஒரு பால் காளான் ரகம் வெளியிட்டாங்க. ஏபிகே-2ன்னு பேரு. ஏபிகேன்னா அருப்புக்கோட்டை. இந்த மொட்டுக் காளானுக்குக் குளிர் வேணும், ஊட்டியோ ஏ.சி. ரூமோ இல்லாம வளராது. அது நம்ம வெயிலுக்கே நல்லா வளரும்."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பின்னே அத வாங்காம மாப்பிள்ளை இத ஏன் வாங்கியாந்தாரு?"

சகலை காதில் விழாதவர் மாதிரி பூண்டைத் தேடினார்.

காளான் விஷயத்தில் அவருக்கு ஒரு பழைய காயமும் உண்டு. ஓய்வு பெற்ற புதிதில் வீட்டிலேயே சிப்பிக் காளான் வளர்க்கிறேன் என்று ஆரம்பித்தார். அதுவும் சிம்பிள்தான். வைக்கோலைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, காளான் விதை ஓர் அடுக்கு என்று திணித்து, உருளையாகக் கட்டி, ஓட்டை போட்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் ஈரம் காயாமல் தொங்கவிட வேண்டும். குரோம்பேட்டை வீடு ஒன்றில் வெளிச்சமில்லாமல் ஈரம் காயாத இடம் எது? குளியலறை. வைக்கோல் எதில் வெந்தது என்பது இட்லிப் பானைக்கும் என் மனைவியின் அக்காவுக்கும் மட்டுமே தெரிந்த துக்கம். மூன்று வாரம் அந்த வீட்டில் எல்லோரும் இரண்டு பைகளுக்கு நடுவே ஒருக்களித்து நின்று, சோப்பு நுரை தெறிக்காமல் குளித்தார்கள். கடைசியில் ஒரு பையில் ஒரு கைப்பிடி முளைத்தது. பறிக்க மனசு வராமல் தினமும் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார். பூத்த காளான் பூத்த இடத்திலேயே காய்ந்து போயிற்று.

டோஸ்ட்டுக்கு வருவோம். காளானைக் கழுவலாமா கூடாதா? அக்கா இருபது வருஷமாக மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் அலசுகிறவர். சகலை பார்த்த வீடியோவில் கழுவவே கூடாது, தண்ணீரைக் குடித்துவிடும், பிரஷ்ஷால் தட்டித்தான் துடைக்க வேண்டும் என்று சொன்னார்களாம். எந்தப் பிரஷ்? முகச்சவர பிரஷ். "புதுசும்மா, பிரிக்கவே இல்ல." ஹெரால்ட் மெக்கீ என்ற அமெரிக்க எழுத்தாளர் காளானை ஊறவைத்து எடைபோட்டே பார்த்துவிட்டு, அது குடிக்கிற தண்ணீர் சொற்பம்தான் என்று எழுதியிருக்கிறார் என்று மகள் சொன்னாள். தவிர, காளானில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே தண்ணீர்தான். வாதம் முடிவதற்குள் அக்கா மஞ்சள் தண்ணீரில் அலசி, துணியில் கொட்டி, ஒற்றி எடுத்துவிட்டார். சகலை பிரஷ்ஷோடு நின்றார். அந்தப் பிரஷ்ஷுக்கும் ஒரு மரியாதை வேண்டுமே என்று, கடைசி இரண்டு காளானை மட்டும் துடைத்தார்.

இப்போது வேலைப் பங்கீடு. நறுக்குவது நான். "ரொம்ப மெல்லிசா வேணாம் சகலை, சுருங்கிடும்." பூண்டு உரிப்பது என் மனைவி. ரொட்டி வாட்டுவது மகள். சாமான் எடுத்துக் கொடுப்பது அக்கா. சமைப்பது அவர். கொத்தனார் ஒருவர், சித்தாள் நால்வர்.

"டைம் இருக்கா?" என்று கேட்டார் சகலை.

"எனக்கெங்கங்க டைம் இருக்கு? துணி மடிக்கணும், நாளைக்கு மாவாட்டணும்..." என்று அக்கா தொடங்கினார்.

அவர் கேட்டது டைம் என்கிற இலை. வெள்ளைக்காரர்கள் காளானில் கிள்ளிப் போடுகிற மூலிகை. விஷயம் புரிந்ததும் அக்கா அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரு சிட்டிகை ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி நீட்டினார். சகலை முகம் சுளித்தார். ஆனால் அந்த இலைக்கும் நம் ஓமத்துக்கும் வாசனை தருவது தைமால் என்ற ஒரே சரக்குத்தான். அக்காவுக்கு அந்தப் பெயர் தெரியாது, மூக்கு தெரியும்.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "காஸ்ட் அயர்ன்லதான் பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே சகலை தோசைக்கல்லை எடுத்தார்.

அந்தக் கல் மாமியார் சீதனமாகக் கொடுத்த இரும்புக் கல். அதில் சப்பாத்திகூடப் போடுவதில்லை. போட்டால் மறுநாள் தோசை கல்லைவிட்டுக் கிளம்பாது. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரிப் பழக்கி வைத்திருக்கிற கல். அக்கா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எதற்கு என்று விட்டிருக்க வேண்டும். மாமியார் மட்டும் கூடத்தில் இருந்தபடியே "கல்லுச் சத்தம் கேக்குதே?" என்றார்.

நானூறு கிராமும் ஒரே கல்லில் விழுந்தது. வீடியோக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்வார்கள். சகலைக்குப் பொறுமை கிடையாது. முதலில் ஒரு கீச்சுச் சத்தம். பிறகு நாலு பக்கமும் தண்ணீர் விட்டு, கல் நடுவே ஒரு சின்னக் குளம். அந்த நேரத்தில் பார்த்தால் யாருக்கும் சாப்பிடத் தோன்றாது. சாம்பல் நிறத்தில், வேட்டி அலசிய தண்ணீரில் மிதப்பதுபோல இருக்கும். "பொறுங்க, பொறுங்க, மெய்லார்ட் வரணும்" என்றார் சகலை. "அது மயார்ப்பா" என்றாள் மகள். லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர், சூடு ஏறும்போது சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாவதைப் பற்றி 1912-ல் எழுதினார். ரொட்டி சிவப்பதும் தோசை முறுகுவதும் அவர் கணக்கில்தான் வரவு. ஆனால் குளம் வற்றாமல் மயார் வரமாட்டார். கொதிக்கிற தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாது. பழுப்பாவதற்கு அதற்கு மேலே வேண்டும். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். மகள் முன்கூட்டியே வாட்டிய ரொட்டி தட்டில் ஆறி விறைத்துக் கிடந்தது.

இங்கே காளானைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கத்தரிக்காயாக இருந்தால் இதற்குள் குழைந்து கூழாகியிருக்கும். கறியாக இருந்தால் ரப்பர். காளானின் உடம்பைப் பிடித்து வைத்திருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள். சாதாரணச் சூட்டுக்கு அது அசராது. ஐந்து நிமிஷம் வதக்கினாலும் அரைமணி வதக்கினாலும் கடித்தால் கடிபடும். என் சகலை மாதிரி ஆட்களின் கையில் சிக்கினாலும் பிழைத்துக்கொள்ளும் என்று படைத்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

சத்தம் மாறியது. சளசளப்பு போய்ச் சடசடவென்று ஆயிற்று. ஓரங்கள் பொன்னிறமாகிச் சுருண்டன. சகலை வெண்ணெயைப் போட்டார், பூண்டைப் போட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓமத்தையும் போட்டார். கடைசியில் உப்பு, மிளகுத்தூள். மழைக்குப் பிந்தைய மண்ணும் நெய்யும் கலந்தது மாதிரி ஒரு வாசனை கூடம் வரைக்கும் போயிற்று. மலையாகப் போட்டது இரண்டு கையளவு ஆகியிருந்தது. ஆறு பேர்.

ரொட்டியை இன்னொரு தடவை வெண்ணெய் தடவி வாட்டி, ஆளுக்கு ஒன்று. மாமியாரிடம் நீட்டியபோது அவர் தட்டைப் பார்த்து, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார். அவருக்கு ரொட்டி என்றால் காய்ச்சலுக்குப் பாலில் தோய்த்துக் கொடுப்பது. விளக்கிச் சொன்னபின் ஓர் ஓரத்தைக் கடித்தார். மென்றார். ஒன்றும் சொல்லாமல் முழுவதும் சாப்பிட்டார். அதற்கு மேல் ஒரு சான்றிதழ் அந்த வீட்டில் கிடையாது.

நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. மேலே காளான் சாறு இறங்கி மெத்தென்று, அடியில் மொறுமொறுப்பு, நடுவில் எங்கேயோ ஒரு ஓமம் பல்லில் பட்டு. மணி ஆறு இருபது. "பாத்தீங்களா? அஞ்சே நிமிஷம்" என்றார் சகலை. தொட்டியில் இரண்டு தட்டு, நாலு கிண்ணம், மூன்று கத்தி, ஒரு சவர பிரஷ்.

மறுநாள் காலை அக்கா என் மனைவிக்குப் போன் செய்தார். முதல் தோசை ஒட்டியது, இரண்டாவது தோசை ஒட்டியது, மூன்றாவதைச் சுரண்டி எடுத்து அத்தானுக்கே வைத்துவிட்டதாகச் சொன்னார். அவர், "சிம்பிளா உப்புமா பண்ணியிருக்கலாமே" என்றாராம்.

போன மாதம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். சகலைக்கு முட்டி வலி, போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். மனிதர் கூடத்தில் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்து, டீயில் ரஸ்க்கைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். இரண்டு டப்பா காளான், பிரிக்காமல் அப்படியே இருந்தது. வாங்கி மூன்று நாள் ஆகியிருக்கும். தாளுக்கு உள்பக்கம் வியர்த்திருந்தது.

"என்ன, பண்ணலையா?" என்றேன்.

"ஒரு ஆளுக்கு என்னத்தைப் பண்றது?" என்றார். ரஸ்க் டீயில் உடைந்து விழுந்தது. அதை ஸ்பூனால் தேடினார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, ஒரு டப்பாவைக் கிழித்து, ஒரு காளானைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"லேசா விரிஞ்சிருக்கு. பரவாயில்ல, விரிஞ்சாத்தான் வாசனை தூக்கும். நீங்க உட்காருங்க சகலை, அஞ்சே நிமிஷம்."

நான் உட்காரப் போனேன்.

"கத்தி எங்க இருக்குன்னு மட்டும் கொஞ்சம் பாருங்க. அப்படியே அந்தப் பூண்டையும்."