வாயைப் பூட்டினவனுக்கு ஒரு வார்த்தை

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. "உங்கம்மா வந்தா எத்தன நாளு இருப்பாங்க?"ன்னுதான உம் பொண்டாட்டி கேட்டா? உங்கம்மா எம்மவதான், அந்தக் கவலை எனக்கும் உண்டு! அதுக்குப் போயி தாடைய இறுக்கிக்கிட்டு, அணைஞ்சு கெடந்த செல்போனையே பாத்துட்டு இருந்தியே, அதுல என்னலே படம் ஓடிச்சு?

கல்நெஞ்சுக்காரன்னு அவ நெனைப்பா. உன் மணிக்கட்டப் பிடிச்சுப் பாத்த எனக்குல்லா தெரியும்! மூஞ்சி உறங்குது, நெஞ்சு ஊரக் கூட்டுது.

அமெரிக்காவுல ஜான் காட்மேன், ராபர்ட் லெவன்சன்னு ரெண்டு பேரு புருஷன் பொண்டாட்டிய உக்கார வச்சு, சண்டைக்குள்ள பேச்ச எடுக்கச் சொல்லி, நெஞ்சுத் துடிப்ப அளந்திருக்காங்க. நம்ம தெருவுல அத ஓசியிலயே பாப்பானுவ! துடிப்பு நிமிசத்துக்கு 100-அத் தாண்டிட்டா, எதிர்ல இருக்கவ சொல்லுதது மண்டையில ஏறாதாம். புலியக் கண்டா சுரக்கிற அட்ரினலின், பொண்டாட்டி கேள்விக்கும் சுரக்குது. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒடம்புக்குத் தெரியல. இந்த வயசுலயும் எனக்கே பிடிபடல. இப்படி வாயைப் பூட்டுறவங்கள்ல நூத்துக்கு 85 பேரு ஆம்பளையாம். மீசையத் தடவிக்கோ!

காட்மேன் ஒருக்கா பாதிச் சண்டையில, மெஷினச் சரிபண்ணணும்னு சாக்குச் சொல்லி, அரை மணி நேரம் பத்திரிகை படிக்க விட்டாராம். துடிப்பு எறங்கிச்சு, அப்புறம் ரெண்டு பேரும் மனுசராப் பேசினாவளாம். துடிப்பு எறங்கக் கொறஞ்சது 20 நிமிசமாவது விலகி இருக்கணுமாம்.

அதுக்கும் மொறை இருக்குலே. செருப்ப மாட்டிக்கிட்டு பொசுக்குன்னு வெளிய போனா அது ஓட்டம். "நெஞ்சு படபடங்குது, காப்பி குடிச்சிட்டு வந்து பேசுதேன்"னு சொல்லிட்டுப் போனா அது ஓய்வு. போன எடத்துல, 'அவ இதச் சொன்னா நான் அதச் சொல்லணும்'னு ஒத்திகை பாக்காத, துடிப்பு எறங்காது. பின்னாலயே வந்து பதில் கேக்கக் கூடாதுன்னு அவகிட்டயும் சொல்லணும். நீயே சொல்லு, நான் சொன்னா என் துடிப்பு எகிறிரும்.

ஊடல உப்புக்கு ஒப்பாச் சொன்னாரு வள்ளுவரு, அளவோட இருக்கணும்னு. போன மாசம் மூணு நாளு பேசாமக் கெடந்தியே, அது உப்பில்லலே, தூத்துக்குடி உப்பளம்!

சரி, எந்திரி. 20 நிமிசம் ஆயிட்டு. இதுக்கு மேலயும் உக்காந்திருந்தா நீ ஓய்வெடுக்கல, ஒளிஞ்சிருக்க.