இன்று ரொக்கம், நாளை கடன்

பிரிக்பீல்ட்ஸில் நான் சாமான் வாங்கும் மளிகைக் கடையில், கல்லாவுக்கு மேலே 'கடன் அன்பை முறிக்கும்' என்று ஒரு பலகை. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் முதலாளி என் பாக்கியை 555 புத்தகத்தில் எழுதுவார். உள்ளங்கை அகலம், அட்டையில் மூன்று ஐந்து. மலாய்க்காரர்களுக்கு 'புக்கு தீகா லீமா'. "அண்ணே, எழுதிக்குங்க" என்றால் காதில் செருகிய பென்சில் தானே இறங்கிவிடும். பலகை யாருக்காக என்று இதுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பலகையை நிஜமாகவே நம்பிய ஒரு கம்பெனி இருந்தது. பெயர் வைட்டவே லெய்ட்லா. 1882-இல் கல்கத்தாவில் ராபர்ட் லெய்ட்லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் கூட்டாளியோடு தொடங்கியது. சட்டை, தொப்பி, பீங்கான், நாற்காலி என்று துரை வீட்டுக்கு வேண்டிய சகலமும் கிடைக்கும். மதராஸ், கொழும்பு, ரங்கூன் என்று கிளை விட்டு மலாயாவுக்கும் வந்தது. சிங்கப்பூர், பினாங்கு, ஈப்போ, நம்ம கோலாலம்பூர்.

அந்தக் காலத்துத் துரைமாருக்குக் காசைக் கையால் தொடுவது கௌரவக் குறைச்சல். கிளப்பில் விஸ்கி குடித்தாலும் கடையில் காலுறை எடுத்தாலும் ஒரு சீட்டில் கையெழுத்து. மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதாவது வெள்ளைக்காரனும் 555 பார்ட்டிதான். லெய்ட்லா ஒருவர்தான், "கையெழுத்தை வீட்டில் போடுங்கள், இங்கே பணத்தை வையுங்கள்" என்கிற மாதிரி நின்றார். வராக்கடன் இல்லாததால் விலையும் மலிவு. கடுப்பான துரைமார் கடைப் பெயரையே திரித்து, 'ரைட்டவே அண்ட் பெய்ட்ஃபார்' என்று பட்டம் வைத்தார்கள். உடனே எடு, உடனே கட்டு!

கையில் ரொக்கம் இல்லாத துரை என்ன செய்திருப்பார்? லெபோ அம்பாங்கில் வரிசையாக நகரத்தார் கிட்டங்கிகள். பெட்டகத்தைச் சாய்மானமாக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் செட்டியாரிடம், அரசாங்கக் கிராணி முதல் தோட்டத் துரை வரை கடன் வாங்கியிருக்கிறார்கள். அங்கே வட்டிக்கு வாங்கி, இங்கே ரொக்கமாக நீட்டி, "நான் கடனுக்கு வாங்கும் ஆளில்லை" என்று மீசை முறுக்கிய துரை ஒருவராவது இருந்திருப்பார் என்பது என் ஊகம். லெய்ட்லா 1906-இல் பிரிட்டிஷ் எம்.பி. ஆனார், பிறகு 'சர்' பட்டமும் வந்தது. கடன் தராதவருக்குப் பட்டம். கடன் தந்த செட்டியாருக்கு வசூல் அலைச்சல்.

யுத்தம் வந்தது, சுதந்திரம் வந்தது, துரைமார் கப்பலேறினார்கள். 1960-களின் தொடக்கத்தில் வைட்டவேயும் கடையைக் கட்டியது. ஏட்டில் பாக்கி இருந்திருந்தால் அதைக் கட்டவாவது நாலு பேர் திரும்பி வந்திருப்பார்கள்.

அப்படியானால் கடன்தான் நல்லதா என்று கிளம்பிவிடாதீர்கள். 1930-இல் ஜப்பானின் அதாமியில் காய்கறிக் கடையாகத் தொடங்கிய யாவ்ஹான், 1987-இல் கோலாலம்பூர் 'தி மால்' பேரங்காடிக்கு வந்து இறங்கியது. ஊரே வாய் பிளந்தது. 1997-இல் சுமார் 16,100 கோடி யென் கடனோடு தாய்க் கம்பெனி குப்புற விழுந்தது. ஒருவர் கடன் கொடுக்காமலே போனார், இன்னொருவர் கடன் வாங்கியே போனார்.

விதியின் கிண்டலைப் பார்க்க வேண்டுமானால் சென்னை போங்கள். மவுண்ட் ரோட்டில் வைட்டவேக்காரர்கள் ரொக்கம் ரொக்கம் என்று கறாராக நின்ற கட்டடம், பிறகு சுதேசமித்திரன் பத்திரிகையின் 'விக்டரி ஹவுஸ்' ஆனது. அதற்கும் பிறகு வி.ஜி.பி. கைக்கு வந்தது. ரேடியோவையும் ஃபேனையும் தவணையில் கொடுத்தே பெயர் வாங்கிய அதே வி.ஜி.பி.! லெய்ட்லா கல்லறையில் புரண்டு படுத்திருப்பார், ரொக்கமாக.

போன வாரம் எனக்குக் கொஞ்சம் பணம் வந்தது. மொத்த பாக்கியையும் தீர்க்கப் போனேன். 555-ஐப் புரட்டிக் கூட்டிச் சொன்ன அண்ணன் முகத்தில் ஒரு வாட்டம். "என்ன தம்பி, வீடு மாறிப் போறீங்களா?"

மூன்று வெள்ளியைப் பாக்கி வைத்துவிட்டு வந்தேன்.