நட்டுதான் ஏறுதுங்களே!

திங்கள் முதல் சனி வரை, பம்ப் ஷாஃப்டில் நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனாலும் ஜாபைத் தூக்கி ஸ்கிராப்பில் போடுகிற ஊர் கோயம்புத்தூர். 1951இல் பி.எஸ்.ஜி. டெக், 1956இல் சி.ஐ.டி. என்று கல்லூரி கட்டி, வீட்டுக்கு ஒரு இன்ஜினீயரையும் தெருவுக்கு ஒரு லேத்தையும் வைத்திருக்கிற ஊர். அதே ஊர் ஞாயிற்றுக்கிழமை காருக்கு அலாய் வீல் மாட்டப் போனால், வெர்னியரை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறது. புதுச் சக்கரத்துக்குப் பழைய நட்டு ஆகுமா என்று யாராவது கேட்டால், “நட்டுதான் ஏறுதுங்களே, அப்புறம் என்னங்க?” என்று பதில் வருகிறது. என் கட்சி சின்னது. சக்கரத்தில் நட்டும் சேர்த்தி. அந்த அலாயின் துளைக்கும் இந்தக் காரின் ஸ்டட்டுக்கும், அதாவது நட்டு ஏறுகிற மரைக் கம்பிக்கும், ஒருசேரப் பொருந்துகிற நட்டு இல்லாமல் வாங்குகிறவர், முழு விலை கொடுத்து முக்கால் சக்கரம் வாங்கியிருக்கிறார். தக்காளிக்கு ரெண்டு ரூபாய் பேரம் பேசுகிற சீமையில் இப்படி ஒரு ஏமாளித்தனம் நடப்பதுதான் வேடிக்கை.

நட்டை யாரும் மதிக்காததற்குக் காரணம், சக்கரம் ஸ்டட்டில் தொங்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது. அது தொங்கவில்லை. லேத்தில் சக்கின் தாடை ஜாபைக் கவ்விப் பிடிக்கிறதே, அந்த மாதிரி நட்டு சக்கரத்தை, அது உட்கார்கிற ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. காரைத் தாங்குவது அந்த அழுத்தத்தில் பிறக்கிற உராய்வு. கணக்குப் போட்டால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். 12 மி.மீ. ஸ்டட்டில் ஒரு நட்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், அது சுமார் 4 டன் விசையோடு சக்கரத்தை அழுத்துகிறது. நாலு நட்டுக்கு 16 டன். காரின் மொத்த எடையே ஒரு டன் சுமார்தான். ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ. இத்தனைக்கு எதற்கு 16 டன் என்று தோன்றும். பிரேக் அடிக்கும்போதும், குழியில் விழும்போதும், வளைவில் ஒடிக்கும்போதும் சக்கரம் ஹப்பின் மேல் ஒரு மயிரிழைகூட நகரக் கூடாது, அதற்குத்தான். இந்த விசை முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது நட்டின் அடிப்பக்கமும் துளையின் வாயும் தொட்டுக்கொள்கிற ஒரு சின்ன வளையத்தின் வழியாக. அந்த வளையத்தின் வடிவம் தப்பினால் மற்ற கணக்கெல்லாம் தப்பு.

வடிவம் காருக்கு ஒன்று. மாருதி ஸ்விஃப்டின் நட்டுக்கு அடிப்பக்கம் கூம்பு. ஹோண்டா சிட்டியின் நட்டுக்கு அடிப்பக்கம் பந்து போல உருண்டை. ஃபோக்ஸ்வாகன் போலோவில் நட்டே கிடையாது. உருண்டை அடியுள்ள போல்ட் நேராக ஹப்புக்குள் போகிறது. கடையில் விற்கிற அலாய்களோ பெரும்பாலும் 60 டிகிரி கூம்புத் துளை வைத்தவை. சிட்டிக்காரர் தன் கம்பெனி நட்டையே அதில் போட்டால் என்ன ஆகும்? ஏறும். இறுகும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச்கூட ‘டிக்’ என்று சத்தியம் செய்யும். ஆனால் உருண்டை கூம்புக்குள் நூல் அளவு வட்டத்தில் மட்டும் தொட்டு நிற்கும். 4 டன்னும் அந்த நூலின் மேல் விழ, கீழே இருப்பது அலுமினியம். அது நசுங்கி உள்வாங்கும், பிடி தளரும். நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது, வேலையை மட்டும் விட்டிருக்கும். மரையிலும் ஒரு சங்கதி உண்டு. ஸ்விஃப்ட் ஸ்டட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ.; ஹுண்டாய் ஐ20யின் மரை 1.5. ஒன்றின் நட்டை மற்றதில் கையால் போட்டால் ரெண்டு சுற்றில் முரண்டு பிடித்து நின்றுவிடும். கைக்கு இருக்கிற இந்த மரியாதை ஏர் கன்னுக்குக் கிடையாது. அது ‘டர்ர்ர்’ என்று புதிதாக ஒரு மரையே வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அப்போதும் ‘ஏறுதுங்களே’தான்.

“சும்மா விடுவமா, நல்லாத்தானுங்க இறுக்கியிருக்கு!” என்பது அடுத்த வாதம். நல்லா என்றால் எவ்வளவு? ஹோண்டா சிட்டிக்குக் கம்பெனி சொல்வது 108 நியூட்டன் மீட்டர். 70 கிலோ ஆள் ஒரு அடி நீள ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றாலே 200ஐத் தாண்டும். அங்கே அவர் ரெண்டு குதியும் குதித்தால் ஸ்டட் இழுபட்டு நீள ஆரம்பிக்கும். மரையில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் நல்லது என்று நினைப்பதும் இதே கணக்கில் சேரும். உராய்வு குறைந்து, அதே முறுக்குக்கு விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முறுக்கும் கருவியின் கோணம் பிசகினால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயம் சாட்சி. இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த வால்டேரி போட்டாஸின் மெர்சிடீஸ், சக்கரம் மாற்ற உள்ளே வந்தது. கன் கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்து நட்டின் முனைகளை வழித்துவிட, ஒரு சக்கரம் கழலவே இல்லை. பந்தயம் ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்துத் தொழிற்சாலைக்குக் காரைக் கொண்டுபோய் நட்டைக் கழற்றியது செவ்வாய்க்கிழமை. ஃபார்முலா ஒன் மெக்கானிக்குகளுக்கே இந்தக் கதி. நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்ததும் சக்கர சமாச்சாரத்தால்தான். 2005இல் இண்டியானாபோலிஸில் மிஷலின் டயர் அங்கிருந்த ஒரு வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஓடிய ஆறில் அவர் நாலாவது. ஆறு பேரில் நாலாவதா என்று சிரிக்க வேண்டாம். அன்றைக்கு அந்த ஓடுதளத்துக்கு ஆகிற சக்கரம் வைத்திருந்ததே ஆறு பேர்தான்.

எல்லாவற்றிலும் பலமான எதிர்வாதம் வால்பாறை மலைப்பாதை. “இதே நட்டுல நாப்பது கொண்டை ஊசியும் ஏறி இறங்கியாச்சுங்க, ஒண்ணும் ஆகலை.” இதை லேசாகத் தள்ள முடியாது, அனுபவம் பேசுகிறது. ஆனால் ஸ்டட் ஒரே அடியில் முறிவதில்லை, களைத்துத்தான் முறிகிறது. பிடி சரியாக இருக்கும்வரை சக்கரச் சுழற்சியின் ஆட்டம் ஸ்டட்டுக்கு அவ்வளவாகத் தெரியாது. பிடி தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒருமுறை வளைந்து நிமிரும். நடுத்தரக் கார் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றும். கோவையிலிருந்து ஊட்டி போய்ச் சேர்வதற்குள் 43,000 சுற்று. எஃகைக் களைக்கவைத்துச் சோதிக்கும் கூடங்களில் பத்து லட்சம் சுற்று என்பது சாதாரணப் பேச்சு, அதாவது ரோட்டில் ரெண்டாயிரம் கிலோமீட்டர். வால்பாறை போய்வந்த நட்டு பரீட்சையில் முதல் பக்கத்தைத்தான் எழுதியிருக்கிறது. மலையில் பிரேக் சூடு வேறு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆறினால் சுருங்கும்; சரியாக உட்காராத நட்டின் பிடி அதிலும் தளரும்.

“நாலுல ஒண்ணு சரியில்லாட்டி மூணு இருக்குதுங்களே, நானோவுக்கு மூணே மூணுதானே?” என்று கேட்கிறவரும் உண்டு. நானோ மூன்றுக்கென்றே வடிவமைத்த கார். நாலில் ஒன்றைக் கைவிட்ட கார் நானோ ஆகாது. துளைகளின் வட்டம் ஒரு மில்லி விலகினாலும் ஸ்டட்டைத் தட்டி வளைத்து மாட்டுவது, நடுத்துளை 73.1 மி.மீ. உள்ள அலாயை 54.1 மி.மீ. ஹப்பில் வளையம் போடாமல் வைத்துவிட்டு 80இல் ஸ்டியரிங் ஆடுகிறது என்று அலைன்மென்ட்காரரைத் திட்டுவது, இவையெல்லாம் இதே குடும்பத்துப் பிள்ளைகள். திருட்டுக்குப் பயந்து லாக் நட்டு போட்டு, சாவியை வீட்டு பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, ராத்திரி பெருந்துறைப் பக்கம் பஞ்சரானவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

செலவு என்று கடைசியாக ஒரு வாதம் வரும். சக்கரத்துக்குக் கொடுத்த பணத்தில் நட்டின் விலை ஒரு சின்னத் துணுக்கு. சோதனைக்கோ செலவே இல்லை. கையாலேயே நட்டைப் போட்டு எண்ணிப் பார்த்தால் போதும், 12 மி.மீ. ஸ்டட்டில், 1.5 மரைக்கு, எட்டுச் சுற்றாவது கடிக்க வேண்டும். ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளியவர்களுக்கு இந்த எண்ணிக்கை சீக்கிரமே முடிந்துவிடும், அவர்களுக்கு நீளமான ஸ்டட் வேண்டும். அப்புறம் எதிரெதிராக, ரெண்டு மூன்று தவணையில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் புது பெயின்ட் அமுங்கும். கோவையில் மாட்டிக்கொண்டு ஈரோடு பக்கம் போகிறவர் பெருந்துறையில் டீக்கு எப்படியும் இறங்குவார். கூடவே நட்டையும் பார்த்துவிடலாம். டார்க் ரெஞ்ச் வைக்க டிக்கியில்தான் இடம் இருக்காது, அங்கே ஊஃபர் ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கும்.