பாண்காரரின் லோ-ஃபை

கண்டியில் மழைக்குப் பஞ்சமில்லை. இரண்டு பருவக்காற்று, நடுவே பின்னேர இடிமழை என்று ஹந்தானை மலை நனைந்துகொண்டே இருக்கும். ஆனாலும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் யன்னலைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, கவனம் குவிய யூடியூபில் மழைச் சத்தம் கலந்த லோ-ஃபை இசை கேட்கிறார்கள். டேட்டாவுக்குக் காசு கட்டி வாங்கிய மழை அல்லவா, அதற்கு மரியாதை அதிகம்.

பாட்டு வரி கூடாது, ஒரே மெட்டு சுழலவேண்டும், ஒலி கொஞ்சம் கரகரக்கவேண்டும். இவைதான் லோ-ஃபையின் இலட்சணம் என்றால், அத்தனையும் பொருந்திய வித்துவான் எங்கள் தெருவுக்கே வருகிறார்: பாண் விற்கும் ஆட்டோக்காரர். 1810இல் பேத்தோவன் எழுதிய ‘ஃபர் எலிஸ்’ மெட்டை அவருடைய தகர ஒலிபெருக்கி விடாமல் அரைக்கிறது. அந்த எலிஸ் யாரென்று ஆய்வாளர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். எங்களுக்கு அது மாலுபாண் வரும் அறிவித்தல், அவ்வளவுதான். கவனம் குவியுமா என்கிறீர்களா? முழுத்தெருவின் கவனமும் ஒரே வண்டியில் குவிகிறது. லோ-ஃபை கேட்ட எவரும் சில்லறையோடு படியிறங்கி ஓடி நான் கண்டதில்லை.

சீனிச்சம்பல் பணிஸ் வேண்டுமென்றால் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். வண்டி அதிக நேரம் நிற்காது.