சனிக்கிழமைச் சிங்கம்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் காளவாசல் சிக்னலில் நிற்கும்போது சட்டைப்பையில் போன் அதிரும். யாரென்று எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே என்று தவிக்கிற ஆள் மதுரையில் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான்.

“மாப்ள, சாரல் விழுந்துருச்சுடா! பேரருவில தண்ணி கொட்டுது. இந்தச் சனிக்கிழம ராத்திரி விடுறோம் வண்டிய.”

பின்னாலேயே ஒரு வீடியோ வரும். ‘இப்பத்தான் எடுத்தது, சுடச்சுட’ என்று கீழே எழுதியிருக்கும். வீடியோவின் ஓரத்தில் மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் தலை துவட்டிக்கொண்டிருப்பார். அவரைப் போன வருஷமும் பார்த்தேன், அதற்கு முந்தின வருஷமும் பார்த்தேன். மூன்று வருஷமாகத் துவட்டியும் அவருக்குத் தலை காயவில்லை.

நம்மாளின் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார். சிங்கம் என்று வைத்துக்கொள்வோம். அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்தான். வாரத்தின் மற்ற நாட்களில் அவர் பைப், பிட்டிங்ஸ் கடை முதலாளி. சாரல் மாதங்களில் அரை இஞ்ச் எல்போ கேட்டு வருகிறவருக்கு முக்கால் இஞ்ச் எடுத்துக் கொடுப்பார். குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று யாராவது புகார் சொன்னால், “குத்தாலத்துல என்னமா வருது தெரியுமா?” என்பார். மூக்குக்கண்ணாடி, லேசான தொந்தி, காலையில் ஒரு சர்க்கரை மாத்திரை, ராத்திரி ஒன்பதரைக்குக் கொட்டாவி. இந்த உடம்புக்குள்தான் ஒரு காட்டு மிருகம் திங்கட்கிழமை முதல் உறுமிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் மொத்தம் ஐந்து பேர். ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச். வாட்ஸப் குழுவின் பெயர் ‘குற்றாலக் குரங்குகள்’. ஆடியில் மட்டும் ‘குற்றாலக் குறவஞ்சன்கள்’ என்று மாற்றுவார். திரிகூடராசப்பக் கவிராயர் இருந்திருந்தால் கேஸ் போட்டிருப்பார்.

இந்த ஆசையெல்லாம் 1999 ஜூலையில் முளைத்தது. டிகிரி முடித்த கையோடு ஐந்து பேரும் ஆளுக்கு இருநூறு ரூபாயோடு கடைசி பஸ்ஸைப் பிடித்துத் தென்காசி போனோம். அந்த ராத்திரியில் உண்மையாக நடந்தது இவ்வளவுதான்: என் செருப்பில் ஒன்று அருவியோடு போயிற்று, மற்றொன்றைக் குரங்கு எடுத்துக்கொண்டு போயிற்று. சிங்கம் சொல்லும்போது அது வேறு ராத்திரி. விடிய விடிய அருவிக்கடியில் நின்றோம். போலீஸ் விசில் அடித்து விரட்டியது, ஓடினோம். திரும்பி வந்து மறுபடி நின்றோம். போன தடவை சொன்னபோது அதில் ஒரு யானையும் வந்தது. “யானை எங்கடா வந்துச்சு?” என்று கேட்டேன். “நீ செருப்பத் தேடிட்டு இருந்த, பாத்திருக்க மாட்ட” என்றார். அந்த ராத்திரியை இன்னொரு தடவை வாழ்ந்து பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை சனிக்கிழமையும்.

செவ்வாய்க்கிழமை கணக்கு வரும். டவேரா வண்டிக்கு டீசல், திருமங்கலத்துக்கு முன்னால் டோல், போக வர 320 கிலோமீட்டர், தலைக்கு இவ்வளவு. அதற்குப் பிறகு சட்டதிட்டம். சட்டதிட்டம் எழுதும்போது சிங்கத்தின் தமிழே மாறிவிடும். ‘ஒன்று: வண்டியில் யாரும் வீட்டுக் கதை பேசக் கூடாது. இரண்டு: பிரஷர், சுகர் பற்றிய உரையாடல் முற்றிலும் தடை. மூன்று: விடியும் வரை எவனும் தூங்கக் கூடாது. தூங்குகிறவன் முகத்தில் தண்ணீர் ஊற்றப்படும்.’ இந்த மூன்றாம் விதியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரைத் தவிர வேறு ‘தண்ணி’ உண்டா என்று கேட்பீர்கள். ஐவரில் குடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர். வண்டி ஓட்டத் தெரிந்தவரும் அவர்தான். ஆகவே அதுவும் இல்லை.

வியாழக்கிழமை ஒருவர் கழன்றுகொள்ளப் பார்ப்பார். மச்சினன் வீட்டுக் காதுகுத்து, மகளுக்குப் பரீட்சை, முதுகுப் பிடிப்பு. அப்போது சிங்கத்தின் குரலைக் கேட்க வேண்டும். “பங்காளி, நீ வரலேன்னா நான் வண்டிய எடுக்கவே மாட்டேன். அப்பறம் நாலு பேரு சாபம் ஒன்னச் சும்மா விடாது.” பயந்தவர் காதுகுத்தில் மொய் எழுதிவிட்டு மாப்பிள்ளை விருந்துச் சட்டையோடு வந்து நிற்பார்.

எல்லாம் கட்டுக்கு மீறிய ராத்திரி என்றுதான் பேச்சு. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது வேறு உருவம் எடுக்கும். ஐந்து வீட்டிலும் விஷயம் தெரியும். எந்த வீட்டிலும் யாரும் தடுப்பதில்லை; லிஸ்ட் கொடுக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, ஒரு கிலோ, ஆனால் தித்திப்புத் தூக்கலாக இல்லாத கடையில். செங்கோட்டைப் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ். குற்றாலத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான், அடிபடாததாகப் பார்த்து. சனிக்கிழமை ராத்திரி சிங்கத்தின் வீட்டம்மா ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் துண்டு, மாற்று வேட்டி, தைலம், சர்க்கரை மாத்திரை, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர் எல்லாம் வைத்து வாசலில் நீட்டுவார். “காதுல பஞ்சு வச்சுக்கங்க” என்பது மட்டும்தான் அறிவுரை. காட்டு மிருகம் கட்டைப்பையை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறும்.

போன ஆனியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஒன்பதரைக்கு நான்கு பேர் காளவாசல் டீக்கடையில் இருந்தோம். ஐந்தாமவர், “வந்துட்டே இருக்கேன்டா” என்று போனில் சொன்னபோது பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. பத்து மணிக்கு வண்டி நகர்ந்தது. முன் சீட்டில் சிங்கம். திருநகர் தாண்டும்வரை அவர் பேசிய பேச்சை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து எப்படிச் சாரலாகிறது என்று விளக்கினார். பேரருவி மேலேயிருந்து நேராக நம் தலையில் விழுந்தால் மண்டை உடைந்துவிடும், நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் குறைந்து வருவதால்தான் மனுஷன் நிற்க முடிகிறது என்றார். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து நம் பக்கம் வந்தது, எல்லை அங்கிட்டு நகர்ந்து இத்தனை வருஷமாகியும் பிரானூர் பரோட்டாவுக்கு ‘பார்டர்’ என்கிற பெயர் மட்டும் போகவில்லை என்றார். எல்லாம் சரியான தகவல்தான். பாடம் எடுத்தால் தூக்கம் வரும் என்பது மாணவனுக்கு மட்டும் உள்ள விதி என்று நினைத்திருந்தேன்.

திருமங்கலம் ரயில்வே கேட் பக்கம் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால், சீட் பெல்ட்டில் கன்னத்தைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, 1999-இன் மாவீரர் உறங்கிக்கொண்டிருந்தார். மணி பத்து நாற்பது. மூன்றாம் விதிப்படி தண்ணீர் ஊற்றலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினோம். சீட் நனையும் என்று வண்டி ஓட்டுகிறவர் மறுத்துவிட்டார்.

ராஜபாளையத்தில் டீ குடிக்க எழுப்பினோம், எழவில்லை. வாசுதேவநல்லூரில் லாரிக்காரன் காதடைக்கிற மாதிரி ஹாரன் அடித்தான், புரண்டு படுத்தார். தென்காசியைத் தாண்டியதும் ஜன்னலில் சாரல் பொடிப்பொடியாக ஒட்டியது. அந்தக் காற்று முகத்தில் பட்டால் பிணமும் எழுந்து துண்டைத் தேடும் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கண்ணாடியை முழுசாக இறக்கினோம். சிங்கம் கட்டைப்பையிலிருந்த வேட்டியைத் தூக்கக் கலக்கத்திலேயே உருவித் தலைவரை போர்த்திக்கொண்டது.

பேரருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. வளைவைத் தாண்டினால் குளிக்க விடமாட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் ரெயின்கோட்டுக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி, “ஐந்தருவி போங்க” என்றார். போனோம். ராத்திரி இரண்டு மணிக்கும் அங்கே வரிசை. விருதுநகர்க்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள், ஒரு பஸ் நிறையப் பெண்கள். இறங்குமுன் கடைசி முயற்சியாக அவரை உலுக்கினோம். வேட்டிக்குள்ளிருந்து தெளிவான குரல் வந்தது:

“நீங்க போங்கடா, நான் பின்னாடியே வந்துர்றேன்.”

அந்தத் தண்ணீரைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. முதல் அடி விழுந்ததும் மூச்சு நின்று, பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. கோடு, வீட்டுக்கடன், மேனேஜர் முகம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து கழன்று போயின. நாற்பத்தாறு வயதில் நான்கு ஆண்பிள்ளைகள் காரணமில்லாமல் கத்தினோம். காதுகுத்துக்காரர் அழுதார் என்று நினைக்கிறேன்; அருவிக்குள் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பற்கள் தந்தியடிக்க பிரானூர் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. பரோட்டாவுக்குப் பதில் ரோட்டோர டீயும் பன்னும்தான். அதுவும் அமிர்தமாக இருந்தது.

காலை ஆறரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். யாரும் எழுப்பவில்லை. பால்கோவாக் கடை வாசலில் வண்டி நின்றதும் சிங்கம் தானாகக் கண் விழித்து, “தித்திப்புக் கம்மியான கடையாடா இது?” என்றது. பிறகு சுற்றிலும் பார்த்தார். பின் சீட்டில் எங்கள் நான்கு துண்டுகளும் சொட்டச் சொட்டத் தொங்கின. அவருடையது இஸ்திரி மடிப்புக் கலையாமல் மடியில் இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தார். வண்டியின் பின்பக்கம் போனார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, துண்டின்மேல் நிதானமாக ஊற்றிப் பிழிந்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டைப்பைக்குள் வைத்தார். எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நட்பு என்று ஒன்று இருக்கிறதே.

திங்கட்கிழமை காலை சிக்னலில் போன் அதிர்ந்தது. குழுவில் ஐந்து நிமிஷத்துக்கு ஓடுகிற குரல்பதிவு. ஐந்தருவியில் மூன்றாவது கிளைக்கு அடியில் நின்றபோது கண் எப்படி இருட்டியது, வரிசையில் திருநெல்வேலிக்காரர்களோடு என்ன தகராறு, அதை இவர் எப்படிச் சமாதானம் செய்தார், நாங்கள் நான்கு பேரும் குளிருக்குப் பயந்து ஓரமாக நின்றபோது இவர் எப்படிக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார் எல்லாம் இருந்தது. கடைசியில், “அருவி அடிச்ச அடியில கழுத்து இன்னும் திரும்ப மாட்டேங்குதுடா” என்று முனகல். அந்த வலி மட்டும் உண்மை. ஏறக்குறைய எட்டு மணி நேரம் சீட் பெல்ட்டில் தொங்கினால் யாருக்கும் வரும்.

கேட்கக் கேட்க எனக்கே ஒரு சந்தேகம். நாங்கள் போனதைவிட அவர் சொல்கிற குற்றாலம் நன்றாக இருந்தது. காதுகுத்துக்காரர் அதற்குக் கீழே, ‘ஆமாடா, நீ மட்டும் இழுக்கலேன்னா நான் எறங்கியிருக்கவே மாட்டேன்’ என்று எழுதியிருந்தார். அவர் கிண்டலாக எழுதவில்லை, நம்பித்தான் எழுதினார்.

சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு நகரத் தோன்றவில்லை. 1999-இல் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் எங்கே இருந்தார்? தென்காசி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒருவர் தலைவரை வேட்டியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது மங்கலாக ஞாபகம் வருகிறது. யாரென்று முகம் தெரியவில்லை.

இந்த வாரம் மேகமலை என்று அறிவித்திருக்கிறார். ராத்திரி நேரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டியை விடமாட்டார்கள் என்பதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. டவேராவில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கலாம். முன் சீட்டு மட்டும் கேட்கக் கூடாது. அது அவர் படுக்கை.